40, 60, 80

அமெரிக்காவில் என்ன வேலை என்று ஊரில் யாராவது கேட்டால் ‘யுனிவர்சிட்டியில்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அதோடு விடாமல் மேலே கேட்பவர்களிடம்தான் சிக்கல். ஃபுட்பால் (பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்க ஃபுட்பால்) ஆடுகிற பையன்கள், நீச்சலடிக்கிற பெண்கள், இவர்களுடைய படிப்பைப் பார்த்துக்கொள்வது என் வேலை என்றால், “அதுக்குன்னு தனியா ஒரு ஆளா?” என்பார்கள். ஒரு ஆள் இல்லை. எங்கள் அலுவலகத்தில் முழுநேர ஊழியர்களே இருபதுக்கு மேல். மணிக்கணக்குச் சம்பளத்துக்கு வந்துபோகும் டியூட்டர்கள் தனி. எங்களுக்கென்று ஒரு கட்டடம், அதில் இரவு பத்து மணி வரை விளக்கெரியும் ஸ்டடி ஹால், வாசலில் அட்டையைத் தேய்த்து உள்ளே போக ஒரு எந்திரம்.

எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப்போவதில்லை. நாட்டின் மத்திய மேற்குப் பகுதியான மிட்வெஸ்டில் இருக்கும் ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகம், அவ்வளவுதான். மாணவர்களின் கல்வி விவரத்தை வெளியே விடக் கூடாது என்று இங்கே சட்டமே இருக்கிறது. அதனால் கீழே வரும் பிள்ளைகளின் விளையாட்டையும் பாடத்தையும் அங்கங்கே மாற்றியிருக்கிறேன்.

நான் இங்கே வந்தது புள்ளியியல் முதுகலை படிக்க. கையில் காசு தட்டுப்பாடு. மாணவர் விசாவில் வந்தவர்கள் செமஸ்டர் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். விளையாட்டு மாணவர்களுக்குப் புள்ளியியல் சொல்லித்தர ஆள் வேண்டும் என்று துறையில் ஒரு மின்னஞ்சல் வந்தது, போனேன். அவர்களுடைய பயிற்சிக்கும் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் உச்சவரம்பு என்று அப்புறம் தெரிந்தது. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதி அது. ஆனால் என் 20 மணி நிஜமான 20 மணி. அவர்களுடையது அப்படியல்ல. ஒரு போட்டி முழு நாளையும் தின்றாலும் ஏட்டில் 3 மணி நேரம் என்றுதான் ஏறும். பஸ்ஸிலும் விமானத்திலும் போகும் நேரம் கணக்கில் கிடையாது. காயத்துக்குச் சிகிச்சை எடுக்கும் நேரமும் கிடையாது. ‘விருப்பமிருந்தால் வரலாம்’ என்று கோச் சொல்லும் பயிற்சியும் கிடையாது. (அந்த விருப்பம் இல்லாத பையன் யாரையும் நான் பார்த்ததில்லை.)

பாளையங்கோட்டையில் நான் படித்த கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் கோட்டா பையன்கள் கடைசி பெஞ்சில் இருப்பார்கள். ஹாக்கி, கபடி, வாலிபால். மேட்ச் என்றால் பி.டி. சார் ஒரு தாளில் பெயர்களை எழுதித் துறைத்தலைவரிடம் கையெழுத்து வாங்குவார். ஓ.டி. கிடைத்துவிடும், அட்டெண்டன்ஸ் சரியாகிவிடும். தவறிய பாடத்தை யார் நடத்துவது என்ற பேச்சே எழாது. அரியர் விழும். பிறகு ரயில்வேயிலோ போலீஸிலோ கோட்டாவில் வேலை கிடைத்துவிட்டால் அந்த அரியரை யாரும் நினைப்பதில்லை. வேலைதான் அங்கே வெற்றி, டிகிரி வந்தாலும் சரி வராவிட்டாலும் சரி. இங்கே அந்தக் கோட்டா கிடையாது. கல்லூரியில் ஃபுட்பால் ஆடுகிற 100 பேரில் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் வரை போகிறவர் 2 பேருக்கும் குறைவு. மற்றவர்களுக்கு 22 வயதில் விளையாட்டு முடிந்துவிடும். கையில் மிஞ்சுவது டிகிரியும் முழங்கால் வலியும்தான். அதனால் இங்கே ‘படிப்பில் தேறுவது’ என்பதை எப்படி அளக்கிறார்கள் என்பது சாதாரண விஷயம் இல்லை.

எங்கள் அலுவலகத்தில் காலை முதல் மாலை வரை அதிகம் கேட்கும் சொல் ‘எலிஜிபிள்’. ஆடத் தகுதி இருக்கிறதா இல்லையா. பாடத்துக்குப் பாடம் கிரெடிட் என்று அலகு உண்டு. செமஸ்டருக்குக் குறைந்தது 6 கிரெடிட் தேற வேண்டும், கல்வியாண்டுக்கு 18. நான்குக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்ணான ஜிபிஏவுக்கு ஒரு தரைமட்டம் உண்டு, ஆண்டுக்கு ஆண்டு அது கொஞ்சம் உயரும். இதற்கெல்லாம் மேலே உட்கார்ந்திருப்பது 40-60-80 விதி. மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது எடுத்திருக்கும் டிகிரியில் 40 சதவீதம் முடிந்திருக்க வேண்டும், நான்காம் ஆண்டு தொடங்கும்போது 60, ஐந்தாம் ஆண்டு என்றால் 80. டிகிரிக்கு 120 கிரெடிட் என்றால் 48, 72, 96. ஒன்று குறைந்தாலும் களத்தில் இறங்க முடியாது.

விதியை எழுதியவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் எழுதினார்கள். அதற்கு முந்தைய காலத்தில் நான்கு வருடம் ஆடிவிட்டு, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிரெடிட் சேர்த்து, எந்த டிகிரிக்கும் பக்கத்தில்கூட வராமல் வெளியே போனவர்கள் ஏராளம். ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டு ஆடி, வாஷிங்டன் அணியில் பெரிய நட்சத்திரமான டெக்ஸ்டர் மேன்லி, தனக்கு எழுதப் படிக்கத் தெரியாமலே கல்லூரியைக் கடந்துவந்ததாக 1989-ல் அமெரிக்க செனட் குழு முன் உட்கார்ந்து அழுதபடி சொன்னார். அந்த மாதிரி இனி நடக்கக் கூடாது என்றுதான் இத்தனை சதவீதமும்.

நடந்தது என்னவென்றால், அந்தச் சதவீதம் பிள்ளைகளின் மேஜரை, அதாவது டிகிரிக்கான முதன்மைப் பாடத்தை, தேர்ந்தெடுக்க ஆரம்பித்தது.

ஒரு பையனைச் சொல்கிறேன். ஃபுட்பால் அணியின் தாக்குதல் வரிசையில் நிற்கும் லைன்மேன். நூற்று முப்பது கிலோ இருப்பான், என் அறைக் கதவில் ஒருக்களித்துத்தான் நுழைவான். ஜார்ஜியாவில் ஒரு சின்ன ஊர். தாத்தாவின் டிராக்டரைப் பிரித்து மாட்டி வளர்ந்தவன், மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்க வேண்டும் என்று வந்தான். நாங்களும் சரி என்றோம். முதல் தகராறு நேரத்தில். லேப் எல்லாம் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல், பயிற்சியும் மத்தியானம். காலையில் இருந்த ஒரே லேப் பிரிவு, பதிவு தொடங்கின அன்றே நிரம்பிவிட்டது. இரண்டாவது, இன்ஜினியரிங் பாடங்கள் ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நிற்பவை. கால்குலஸ் இரண்டில் ‘டி’ வாங்கினால் பாஸ்தான், ஆனால் அடுத்ததற்குப் போக ‘சி’ வேண்டும். அவன் ‘டி’ வாங்கினான். அக்டோபரில் மூன்று வெள்ளிக்கிழமை வெளியூர்ப் பயணம், அதில் ஒன்று தேர்வுக்கு முந்தைய நாள். அடுத்த பாடம் வசந்தகாலத்தில் எடுக்க முடியவில்லை. அதைத் தொட்டு நிற்கும் இன்னும் இரண்டும் தள்ளிப்போயின.

சாதாரண மாணவனுக்கு இது ஒரு செமஸ்டர் தாமதம். அம்மா அப்பாவுக்குக் கூடுதல் செலவு, அவ்வளவுதான். இவனுக்கு மூன்றாம் ஆண்டு ஆரம்பத்தில் 40 சதவீதம் கண் முன்னால் நின்றது. மொத்தமாகப் பார்த்தால் கிரெடிட் கைவசம் நிறைய. இன்ஜினியரிங் டிகிரிக்கு ஆகிற கிரெடிட்தான் போதவில்லை. அதே கிரெடிட்களை எடுத்துப் பொதுப்படிப்பு மாதிரியான ஒரு டிகிரியில் போட்டால் 50 சதவீதத்தைத் தாண்டும். மென்பொருளில் இரண்டு முறை க்ளிக் செய்தால் போதும், தகுதியில்லை என்று காட்டும் சிவப்பு பச்சையாகிவிடும்.

இந்த இடத்தில்தான் என்னைப் போன்றவர்கள் எதற்காக அங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்ற கேள்வி வருகிறது. கோச்சுக்குப் பச்சை வேண்டும். விளையாட்டுத் துறைக்குப் பச்சை வேண்டும். பையனுக்கே பச்சைதான் வேண்டும், ஏனென்றால் செப்டம்பரில் ஆடாவிட்டால் அவன் இடத்தில் இன்னொருவன் நிற்பான். மாறாதே என்று சொல்ல அந்த அறையில் யாருக்கும் காரணம் இல்லை. கோடைக்காலத்தில் கால்குலஸையும் இன்னொரு பாடத்தையும் திரும்ப எடுத்தால் மயிரிழையில் 40-ஐத் தொடலாம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தேன். அவன் இரண்டு நாள் யோசித்தான். கோடையில் எடைப் பயிற்சி, அப்புறம் வீட்டில் தாத்தாவுக்கு உடம்பு சரியில்லை. மேஜரை மாற்றிக்கொண்டான். நான்கு ஆண்டில் டிகிரியும் வாங்கினான். எங்கள் பதிவேட்டில் அவன் ஒரு வெற்றி. தற்போது ஊரில் விவசாயக் கருவிகள் விற்கும் கடையில் விற்பனைப் பிரிவில் இருக்கிறான். நல்ல சம்பளம், சந்தோஷமாகவும் இருக்கிறான். தோல்வி என்று நான் சொல்லவில்லை. அவன் கேட்டது அது இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

ஒரே அணியில் பாதிப்பேர் ஒரே மேஜரில் இருந்தால் வெளியே இருப்பவர்கள் ‘சுலபமான படிப்பில் தள்ளிவிடுகிறார்கள்’ என்பார்கள். தள்ளுகிற ஆளைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்க மாட்டார். கால அட்டவணை கொஞ்சம் தள்ளும், சதவீதம் கொஞ்சம் தள்ளும், அணியில் மூத்தவன் ‘நான் எடுத்தேன், பரவாயில்லை’ என்று கொஞ்சம் தள்ளுவான்.

அணிக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. ஏபிஆர் என்பார்கள். ஸ்காலர்ஷிப் வாங்கும் ஒவ்வொருவருக்கும் செமஸ்டருக்கு இரண்டு புள்ளி: கல்லூரியில் தொடர்ந்தால் ஒன்று, தகுதியோடு இருந்தால் ஒன்று. கிடைத்ததைக் கிடைத்திருக்க வேண்டியதால் வகுத்து ஆயிரத்தால் பெருக்குவார்கள், நான்கு ஆண்டுக்குச் சேர்த்து. 930-க்குக் கீழே போனால் தண்டனை. சும்மா மிரட்டல் இல்லை; கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் கூடைப்பந்து அணியை இதற்காகவே 2013-ம் ஆண்டு தேசியப் போட்டியிலிருந்து ஒதுக்கி வைத்தார்கள். மறுவருடம் அதே கல்லூரி வந்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. ஏபிஆர் குறைந்தால் என்ன ஆகும் என்று புது ஊழியர்களுக்குச் சொல்லும்போது முதல் பாதியை மட்டும் சொல்வது வழக்கம்.

புள்ளியியல் படித்தவருக்கு ஏபிஆரைப் பார்த்தால் கை அரிக்கும். ‘சி’ வாங்கியவனும் ‘ஏ’ வாங்கியவனும் அதில் ஒன்றுதான். என்ன பாடம் எடுத்தான் என்பது அதற்குத் தெரியாது. பட்டம் பெறுவோர் விகிதத்திலும் இரண்டு கணக்கு ஓடுகிறது. அரசாங்கக் கணக்கில் வேறு கல்லூரிக்கு மாறிப்போனவர் பட்டம் பெறாதவர். என்சிஏஏ வைத்திருக்கும் ஜிஎஸ்ஆர் கணக்கில், தகுதியோடு மாறிப்போனவர் பழைய கல்லூரியின் பட்டியலிலிருந்தே நீக்கப்படுவார், சேர்ந்த கல்லூரியின் கணக்கில் ஏறுவார். இரண்டாவது நியாயமானதுதான். ஆனால் என்சிஏஏவின் மேல்தட்டான முதல்நிலைப் பிரிவில் 90 சதவீதம் பேர் பட்டம் பெறுகிறார்கள் என்று விளம்பரத்தில் வருவது இந்த இரண்டாவது கணக்கு. பொது மாணவர்களுடைய விகிதத்தை முதல் கணக்கில் எடுத்து அதன் பக்கத்தில் வைத்துக் காட்டுவார்கள். என் பழைய பேராசிரியர் பார்த்தால் தாளைக் கிழித்துப் போட்டிருப்பார்.

டியூட்டராகச் சேர்ந்த அன்று ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பல பக்கம். அதன் சாரம், மாணவனின் பேனாவைத் தொடாதே. அவன் கட்டுரையில் நீ ஒரு வாக்கியம் எழுதாதே, அவன் மடிக்கணினியின் விசைப்பலகையில் கை வைக்காதே, வீட்டுக்குக் கூப்பிடாதே, காபி வாங்கிக் கொடுக்காதே. காபிகூடவா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு மினசோட்டா பல்கலைக்கழகக் கதையைச் சொன்னார்கள். அங்கே விளையாட்டு மாணவர்களின் கல்வி உதவி அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு பெண், கூடைப்பந்து ஆட்டக்காரர்கள் சுமார் 20 பேருக்காகத் தானே ஏறக்குறைய 400 கட்டுரைகளும் வீட்டுப்பாடங்களும் எழுதிக்கொடுத்ததாக 1999 மார்ச்சில் ஒரு செய்தித்தாளிடம் சொன்னார். தேசியப் போட்டி தொடங்கும் நேரத்தில் செய்தி வெளியானது. கோச் வேலையை விட்டுப் போனார். செய்தியை எழுதிய நிருபருக்குப் பத்திரிகைத் துறையின் பெரிய விருதான புலிட்சர் கிடைத்தது.

அதையும் தூக்கிச் சாப்பிட்டது வட கரோலினா பல்கலைக்கழகம். சாப்பல் ஹில்லில், ஒரு துறையில், 18 ஆண்டுகளாக வகுப்பே நடக்காத வகுப்புகள் நடந்தன. கடைசியில் ஒரு கட்டுரை கொடுத்தால் போதும். அதைத் திருத்திப் பெரும்பாலும் மதிப்பெண் போட்டது பேராசிரியர்கூட இல்லை, துறையின் அலுவலக நிர்வாகி. 2014-ல் வந்த விசாரணை அறிக்கைப்படி 3,100 பேருக்கு மேல் அப்படிப் படித்திருந்தார்கள், ஏறக்குறைய பாதிப்பேர் விளையாட்டு மாணவர்கள். அந்த அறிக்கையில் என்னை உலுக்கியது எண்ணிக்கை இல்லை. அந்த நிர்வாகி 2009-ல் ஓய்வு பெற்றதும், ஃபுட்பால் அணியின் கல்வி ஆலோசகர்கள் கோச்சுகளைக் கூட்டி வைத்து ஒரு ஸ்லைடு போட்டுக் காட்டியிருக்கிறார்கள். வகுப்புக்குப் போக வேண்டாம், குறிப்பெடுக்க வேண்டாம், பேராசிரியரைப் பார்க்க வேண்டாம் என்ற வகுப்புகளில்தான் இதுவரை பையன்களைப் போட்டு வந்தோம், இனிமேல் அந்த வகுப்புகள் இல்லை என்று. பட்டியல் போட்டு, தயக்கமே இல்லாமல். அவர்கள் கெட்டவர்கள் என்று தோன்றவில்லை. என்னைப் போல மேசையில் உட்கார்ந்து சிவப்பைப் பச்சையாக்கிக்கொண்டிருந்தவர்கள். 2017-ல் என்சிஏஏ பல்கலைக்கழகத்துக்குத் தண்டனை எதுவும் கொடுக்க முடியாமல் விட்டுவிட்டது. அந்த வகுப்புகளில் மற்ற மாணவர்களும் சேரலாம் என்று இருந்ததால், விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் காட்டிய சலுகை ஆகாதாம்.

இந்த இரண்டு கதைகளுக்கும் பிறகு நாடு முழுக்க எங்கள் தொழிலில் கேட்கப்படும் கேள்வி, இந்த அலுவலகம் யாருக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது. விளையாட்டுத் துறைக்கா, கல்விப் பக்கத்து அதிகாரிக்கா? சில இடங்களில் இப்படி, சில இடங்களில் அப்படி, சில இடங்களில் இரண்டு பேருக்கும். எங்களுக்கு இரண்டு பேருக்கும். சம்பளம் ஒருவர் கொடுக்க, பதில் இன்னொருவருக்கும் சொல்ல வேண்டும். கோச்சுகளின் ஒப்பந்தங்களில் அணியின் படிப்பு நன்றாக இருந்தால் போனஸ் என்று எழுதுவது இங்கே சகஜம். எனக்குத் தெரிந்த எந்த டியூட்டருக்கும் அப்படி ஒரு வரி கிடையாது.

வெறும் குறையாகச் சொல்லிக்கொண்டே போவதாகத் தோன்றலாம். நல்லது நடக்காமல் இல்லை. மல்யுத்தப் பையன் ஒருவன். பன்னிரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் ‘கவனம் போதாது’ என்று மட்டுமே எழுதி வாங்கியவன். எங்களிடம் இருக்கும் கற்றல் நிபுணர் அவனைச் சத்தமாக ஒரு பக்கம் படிக்கச் சொன்னார்; அரைப் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்கு அனுப்பினார். டிஸ்லெக்சியா. 19 வயதில் முதல் முறையாக ஒருவர் கண்டுபிடித்துச் சொல்கிறார். பாடப்புத்தகங்களை ஒலிவடிவில் கேட்க ஏற்பாடு செய்தோம், தேர்வுக்குக் கூடுதல் நேரம் வாங்கினோம். பேருந்தில் போட்டிக்குப் போகும்போது மற்றவர்கள் பாட்டு கேட்க, இவன் அமெரிக்க வரலாறு கேட்டான். விளையாட்டு வீரனாக இல்லாமல் சாதாரண மாணவனாக வந்திருந்தால் முதல் வருடமே வீட்டுக்குப் போயிருப்பான், ஏனென்றால் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்க அங்கே ஆள் இல்லை. எங்களுக்கு எதிராகப் பேசுபவர்கள் ‘இவ்வளவு வசதி இவர்களுக்கு மட்டும் ஏன்’ என்று கேட்பார்கள். எல்லாருக்கும் வேண்டும் என்பதுதான் என் பதிலும்.

ஸ்டடி ஹாலில் இன்னொரு பாடம் கற்றேன். புதிதாக வரும் டியூட்டர்கள் எல்லாவற்றுக்கும் ஃபுட்பாலிலிருந்து உதாரணம் எடுப்பார்கள். சராசரியா, எத்தனை கெஜம் ஓடினான். நிகழ்தகவா, ஃபீல்டு கோல். நானும் அதற்காகவே உட்கார்ந்து அந்த விளையாட்டின் விதிகளைப் படித்தேன். மேலே சொன்ன லைன்மேன்தான் ஒருநாள், “மேம், காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் ஃபுட்பால்தான். இந்த ஒரு மணி நேரமாவது வேறு எதையாவது பேசுவோமா?” என்றான். தாமிரபரணியில் வருஷம் வருஷம் எவ்வளவு தண்ணீர் வரும், அதை வைத்து விவசாயி என்ன முடிவெடுப்பான் என்று மழைக் கணக்கை எடுத்தோம். திட்ட விலக்கம் என்றால் என்ன என்று அவன் புரிந்துகொண்டது கார், பிசானம் என்ற எங்கள் ஊர் நெல் போகங்களை வைத்து.

படிப்பில் முன்னால் நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள் அணிகள். துடுப்புப் படகு, நீச்சல், ஓட்டம். ஐந்தரை மணிக்குத் தண்ணீரில் இறங்கி, எட்டு மணிக்கு உயிர்வேதியியல் வகுப்பில் ஈரத் தலையோடு உட்கார்ந்திருப்பார்கள். இவர்களுக்கு நாங்கள் தேவையே இல்லை என்று அலுவலகத்தில் சிலர் நினைப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. 3.9 வாங்கும் பெண் 3.8 வந்தால் கழிப்பறையில் போய் அழுவாள். அவள் எந்தச் சிவப்புப் பட்டியலிலும் வர மாட்டாள், ஆகவே யாரும் அவளைக் கூப்பிட்டுப் பேச மாட்டார்கள்.

மைரன் ரோல் பெயரைச் சொல்லாமல் இங்கே எந்த விழாவும் நடக்காது. ஃபுளோரிடா ஸ்டேட் ஆட்டக்காரர். இரண்டரை ஆண்டில் பட்டம் முடித்தவர். 2008 நவம்பரில் அலபாமாவில், ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கக் கிடைக்கும் ரோட்ஸ் ஸ்காலர்ஷிப்பின் நேர்முகத்தேர்வை முடித்து, வென்று, அன்றைக்கே தனி விமானத்தில் பறந்து மேரிலாந்தில் நடந்துகொண்டிருந்த போட்டியில் போய் ஆடினார். பின்னால் ஆக்ஸ்ஃபோர்டு, கொஞ்ச காலம் என்எஃப்எல், அப்புறம் மருத்துவம் படித்து மூளை அறுவைச் சிகிச்சைத் துறை. பெரிய மனிதர், சந்தேகமில்லை. ஆனால் புதுப் பிள்ளைகள் நுழையும் ஆகஸ்ட் கூட்டத்தில் அவர் படத்தைப் போடும்போது அவர்கள் முகத்தைப் பார்ப்பேன். ஐ.ஏ.எஸ். முதலிடம் வந்தவரைக் கூட்டிவந்து பத்தாம் வகுப்பில் பேசவைத்தால் பிள்ளைகள் எப்படிக் கைதட்டுவார்களோ, அப்படித் தட்டுவார்கள்.

இந்தச் சில வருடங்களில் எல்லாம் தலைகீழ். 2021-ல் உச்ச நீதிமன்றம் ஆல்ஸ்டன் வழக்கில், படிப்பு தொடர்பான சலுகைகளுக்கு என்சிஏஏ வரம்பு போடக் கூடாது என்றது. அதிலிருந்து படிப்புக்கென்று ஒருவருக்கு ஆண்டுக்கு 5,980 டாலர் வரை கொடுக்கலாம். சில இடங்களில் தகுதியோடு இருந்தாலே தருகிறார்கள், சில இடங்களில் ஜிபிஏ பார்க்கிறார்கள். அதே ஆண்டு ஜூலையிலிருந்து தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்றானது. 2025-ல் இன்னொரு வழக்கின் சமரசப்படி கல்லூரியே ஆட்டக்காரர்களுக்குப் பங்கு கொடுக்கலாம், முதல் ஆண்டில் ஒரு கல்லூரிக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை. கிடைக்கட்டும். இத்தனை காலம் அவர்கள் உழைப்பில் மற்றவர்கள்தான் வீடு கட்டினார்கள். என் நிலைமைதான் வேடிக்கை. என் ஆண்டுச் சம்பளத்தை மூன்று மாதத்தில் வாங்குகிற 19 வயதுப் பையனிடம் போய், “தம்பி, செவ்வாய்க்கிழமை சமூகவியல் வகுப்புக்கு ஏன் போகலை?” என்று கேட்கிறேன். ‘தம்பி’ என்பதை மனதுக்குள்தான் சொல்லிக்கொள்வேன்.

பணத்தைவிட எங்களைப் படுத்துவது ஊர்மாற்றம். முன்பெல்லாம் வேறு கல்லூரிக்கு மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். 2024-லிருந்து படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம். மூன்று கல்லூரி மாறி நான்காவதாக எங்களிடம் வந்த ஒரு பையனின் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தேன். நூறு கிரெடிட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. எங்கள் டிகிரி எதிலும் முழுசாகப் பொருந்தவில்லை. ஓரிடத்தில் பொதுப் பேச்சுக்கலை கட்டாயம், இன்னோரிடத்தில் அது கணக்கிலேயே இல்லை; கடைசி 30 கிரெடிட் இங்கேதான் படிக்க வேண்டும் என்பது எங்கள் விதி. இவனுக்கு 40-60-80 என்பது படிப்பை நோக்கிய பாதை இல்லை. எந்த டிகிரியில் கொண்டுபோய்ப் போட்டால் 60 வரும் என்று தேடும் வேலை. தேடிக் கொடுத்தோம். ஒரு சீசன் ஆடினான், ஜனவரியில் ஐந்தாவது கல்லூரிக்குப் போய்விட்டான். அந்தச் செமஸ்டர் அவன் எழுதிய ஒரு கட்டுரை, தன் ஊர்ப் பொதுநூலகம் மூடப்பட்டதைப் பற்றியது, என் டியூட்டர் ஒருவரால் இன்னும் மறக்க முடியவில்லை. அது எங்கள் எந்த அறிக்கையிலும் ஏறாது.

பயணமும் கூடிவிட்டது. பிக் டென் என்ற கூட்டமைப்பில் 2024 முதல் 18 கல்லூரிகள், நியூ ஜெர்சியிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை. தொலைக்காட்சிப் பணம் ஃபுட்பாலால் வருகிறது. ஃபுட்பால் அணி தனி விமானத்தில் வாரம் ஒருமுறை போய்வரும். வாரத்துக்கு இரண்டு ஆட்டம் ஆடும் வாலிபால் பெண்கள்தான் விமான நிலையத் தரையில் உட்கார்ந்து தேர்வெழுதுகிறார்கள். தேர்வைக் கண்காணிக்க எங்களில் ஒருவர் கூடவே போவோம். டென்வரில் விமானம் தாமதமான ஓர் இரவு, ஐந்து பேருக்கு ஐந்து வெவ்வேறு தேர்வு, நடுவில் நான் கடிகாரத்தோடு. கண்காணிப்பாளர் சூட்கேஸ் மேல் உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவை.

என்னிடம் கேட்டால், என் பிள்ளைகளில் யார் தேறினார் என்பதற்கு நான் பார்ப்பது வேறொன்று. மூன்றாம் ஆண்டில் அவன் தானாகப் பேராசிரியருக்கு எழுதுகிறானா? ‘என் அட்வைசர் பேசுவார்’ என்று சொல்லாமல், ‘பத்தாம் தேதி ஊரில் இல்லை, தேர்வை எப்போது எழுதலாம்?’ என்று கேட்கிறானா? எங்கள் உதவி அளவு கடந்து போனால் இது வராது. வகுப்புக்குப் போனானா என்று வாசலில் ஒரு மாணவ ஊழியர் நின்று டிக் போடுகிறார், அடுத்த செமஸ்டர் பாடத்தை ஒருவர் தேர்ந்தெடுக்கிறார், எழுப்பிவிட ஒருவர் போன் செய்கிறார். 22 வயதில் இதெல்லாம் ஒரே நாளில் நின்றுவிடும். ஆகவே இறுதி ஆண்டுப் பிள்ளைகளுக்கு நான் நினைவூட்டல் அனுப்புவதை நிறுத்திவிடுவேன். கோச்சுகளுக்கு இது பிடிக்காது. ஒருவர் என் மேலதிகாரி வரை போனார். ஏபிஆர் விழாத வரைக்கும் சரி என்று முடிந்தது.

படிப்பை முடிக்காமல் போனவர்கள் திரும்பி வந்து முடிக்கலாம். அப்படி முடித்தால் அவர்கள் இழந்த புள்ளி அணிக்குத் திரும்பக் கிடைக்கும் என்று ஏபிஆரிலேயே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அதனால் நாங்களே பழையவர்களைத் தேடிப் போன் செய்வதுண்டு. சென்ற ஆண்டு அப்படி ஒருவர் வந்தார். முப்பதுகளின் நடுவில் இருக்கிறார், கிட்டங்கியில் இரவு ஷிஃப்ட், இரண்டு பெண் பிள்ளைகள். அவர் ஆடிய காலத்துப் புள்ளி யாருக்கும் இனி உபயோகம் இல்லை, அவ்வளவு பழசு. அவரும் எங்களுக்காக வரவில்லை. மேற்பார்வையாளர் பதவிக்கு டிகிரி கேட்கிறார்கள். அப்போது போட்டிருந்த மேஜர் வேண்டாம், கணக்கியல் வேண்டும் என்றார். கிரெடிட் வீணாகுமே என்றேன். “இப்போ என்னை யார் உட்கார வைக்கப்போறாங்க?” என்று சிரித்தார். கணக்கியலில் எத்தனை சதவீதம் வருகிறது என்று பழக்கத்தில் மென்பொருளில் போட்டுப் பார்த்தேன், 38. புள்ளியியல் பாடத்துக்கு மட்டும் என்னிடம் வருகிறார், ஷிஃப்ட் முடிந்து காலை ஏழு மணிக்கு. வசந்தகாலத்துக்கு இரண்டு பாடம், கோடைக்கு ஒன்று என்று திட்டம் போட்டிருக்கிறோம். கோடைக் கட்டணத்தை எங்கள் பக்கம் கொடுப்பார்களா என்று கேட்டு எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.